ஆங்கிலத்தில் வசனங்களை இணைப்பது: வன்னியிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பெருநிலப்பரப்பு ஆகிய இடங்களில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளும், அவர்களின் பெற்றோரும், வேலைக்கு விண்ணப்பம் எழுதும் இளைஞர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கில வசனங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். முதலில் வாய்விட்டு வாசியுங்கள். பிறகு கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள். காதுக்குப் பழகிய வசனம் கைக்கு எளிதாக வரும்.

சின்னச் சின்ன வசனங்களாகவே எழுதினால் என்ன? பிழை வராதே!

பிழை வராது என்பது உண்மைதான். 'இட் ரெயின்ட். தி பஸ் டிட் நொட் கம். ஐ மிஸ்ட் தி எக்ஸாம்.' மழை பெய்தது, பஸ் வரவில்லை, பரீட்சையைத் தவறவிட்டேன். மூன்றிலும் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் மழைக்கும் பஸ்ஸுக்கும் என்ன தொடர்பு, பஸ்ஸுக்கும் பரீட்சைக்கும் என்ன தொடர்பு என்பதை வாசிப்பவர்தான் ஊகிக்கவேண்டும். கொழும்பில் ஓர் அலுவலகத்தில் இருந்துகொண்டு உங்கள் கடிதத்தைப் பார்க்கும் அதிகாரி அந்தச் சிரமத்தை எடுக்கமாட்டார். 'தி பஸ் டிட் நொட் கம் பிகோஸ் இட் ரெயின்ட், ஸோ ஐ மிஸ்ட் தி எக்ஸாம்' என்று எழுதும்போதுதான் அது ஒரு காரணமாகவும் கோரிக்கையாகவும் மாறுகிறது.

இது நமக்கு வெறும் பரீட்சை விடயமும் அன்று. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு, இலங்கை அரசியலமைப்பில் ஆங்கிலம் இணைப்பு மொழி. சிங்களம் மட்டும் தெரிந்தவரோடு தமிழ் மட்டும் தெரிந்தவர் எழுத்தில் பேசவேண்டி வந்தால் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார். கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாய பீடத்துக்கோ பொறியியல் பீடத்துக்கோ போகும் பிள்ளை விரிவுரையை ஆங்கிலத்தில் கேட்டு, விடையை ஆங்கிலத்தில் எழுதவேண்டும். அங்கே 'ஏன்', 'எப்படி', 'இருந்தும்' என்பவற்றைச் சொல்லாமல் ஒரு பந்தி கூட எழுத முடியாது.

தமிழில் அழகாக எழுதும் பிள்ளைகூட ஆங்கிலத்தில் இந்த இடத்தில் தடுமாறுவது ஏன்?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் வேர். சற்று நிதானமாகப் பார்ப்போம்.

மழை பெய்ததால் பஸ் வரவில்லை. மழை பெய்தும் பஸ் வந்தது. மழை பெய்தால் பஸ் வராது. மழை பெய்தபோது பஸ் வந்தது. மழை பெய்வதற்கு முன் பஸ் வந்தது.

இந்த ஐந்திலும் மாறுவது 'பெய்' என்ற வினையின் வால் மட்டுமே. காரணமா, முரணா, நிபந்தனையா, நேரமா என்பதையெல்லாம் தமிழ் அந்த வாலில் கட்டிவிடுகிறது. ஆங்கிலம் அப்படிச் செய்வதில்லை. வினையைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டு, தொடர்பைச் சொல்லும் சொல்லை அந்தப் பகுதியின் தலையில் வைக்கிறது. பிகோஸ் இட் ரெயின்ட், ஓல்தோ இட் ரெயின்ட், இஃப் இட் ரெயின்ஸ், வென் இட் ரெயின்ட், பிஃபோர் இட் ரெயின்ட். ஏ9 வீதியில் மாங்குளம் சந்திக்கு வருவதற்கு முன்னரே முல்லைத்தீவுக்கு எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று பலகை சொல்லிவிடுவதைப் போல, ஆங்கில இணைப்புச்சொல் வரப்போவது என்ன என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. தமிழில் வினை முடிந்த பிறகுதான் அது தெரியவரும்.

இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து மூன்று பிழைகள் பிறக்கின்றன. நான் பார்க்கும் கொப்பிகளில் சிவப்பு மை விழும் இடங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றுதான்.

முதலாவது, இணைப்புச்சொல் தவறான பகுதியோடு சேர்வது. 'மழை பெய்ததால்' என்பதில் 'ஆல்' மழைக்குப் பின்னே வருகிறது அல்லவா? அதே வரிசையில் பிள்ளை 'இட் ரெயின்ட் பிகோஸ் தி பஸ் வொஸ் லேட்' என்று எழுதிவிடுகிறது. இதன் பொருள், பஸ் பிந்தியதால் மழை பெய்தது என்பதாகும்! சொற்கள் எல்லாம் சரி, எழுத்துக்கூட்டல் சரி, உலகம்தான் தலைகீழாகிவிட்டது. காரணம் எதுவோ அதன் தலையிலேயே பிகோஸ் உட்காரவேண்டும்.

இரண்டாவது, எழுவாயை விட்டுவிடுவது. தமிழில் 'வீட்டுக்கு வந்தபோது சாப்பாடு இருக்கவில்லை' என்றால் யார் வந்தது என்று சொல்லவேண்டியதில்லை. ஆங்கிலத்தில் 'வென் கேம் ஹோம்' என்று நிறுத்தமுடியாது. 'வென் ஐ கேம் ஹோம், தெயர் வொஸ் நோ ஃபூட்.' இணைக்கப்படும் இரு பகுதிக்கும் தனித்தனி எழுவாயும் காலம் காட்டும் வினையும் வேண்டும்.

மூன்றாவது, இரண்டு பகுதிக்கு இரண்டு இணைப்புச்சொல் போடுவது. இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இவை மூளைக் குறைவால் வரும் பிழைகள் அல்ல. தமிழ் நன்றாக ஊறிய பிள்ளைக்குத்தான் இவை அதிகம் வரும். ஏசாதீர்கள். எந்த இடத்தில் தமிழ் ஒரு வழியிலும் ஆங்கிலம் இன்னொரு வழியிலும் போகின்றன என்று காட்டிவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் விரைவாகத் திருந்திவிடுவார்கள்.

பிகோஸ் வரும் பகுதியை முன்னே எழுதுவதா, பின்னே எழுதுவதா?

இரண்டும் சரி. தமிழில் காரணம் வழக்கமாக முன்னே வரும். ஆங்கிலம் இரு வழியையும் தாராளமாக ஏற்கும். 'பிகோஸ் இட் ரெயின்ட், தி பஸ் வொஸ் லேட்' என்று காரணத்தை முன்னே வைத்தால் நடுவில் காற்புள்ளி போடுங்கள். 'தி பஸ் வொஸ் லேட் பிகோஸ் இட் ரெயின்ட்' என்று பின்னே வைத்தால் காற்புள்ளி தேவையில்லை. பகுதி இடம் மாறும்போது அதன் தலையிலுள்ள சொல்லும் கூடவே போகும். ஓல்தோ, இஃப், வென், பிஃபோர், ஆஃப்டர் எல்லாவற்றுக்கும் இந்த வழியே பொருந்தும். ஓல்தோ பின்னே வரும்போது மட்டும் பலர் அதற்கு முன் ஒரு காற்புள்ளி இடுவார்கள்.

இணைப்புச்சொற்கள் மொத்தம் எத்தனை வகை? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யவேண்டுமா?

வேண்டாம். வகைகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

சமமான இரு பகுதிகளை இணைப்பவை ஏழு: ஃபோர், அண்ட், நோர், பட், ஓர், யெட், ஸோ. இவற்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'ஃபேன்போய்ஸ்' என்று ஆங்கில ஆசிரியர்கள் நினைவில் வைக்கச் சொல்வார்கள். இவற்றில் அன்றாடம் உதவுபவை அண்ட், பட், ஓர், ஸோ என்ற நான்குதான். காரணம் சொல்லும் ஃபோர் இன்றைய எழுத்தில் பழைய வாடை வீசும். பிகோஸ் இருக்கும்போது அது உங்களுக்குத் தேவையில்லை.

ஒரு பகுதியை மற்றதற்குக் கீழ்ப்படுத்துபவை இன்னொரு வகை: பிகோஸ், ஓல்தோ, இஃப், அன்லெஸ், வென், வைல், சின்ஸ், அன்டில், பிஃபோர், ஆஃப்டர், ஸோ தட் முதலியவை. ஐதர், ஓர் போன்று சோடியாக வருபவை மூன்றாவது வகை.

அண்ட், பட் இவற்றுக்கு முன் காற்புள்ளி எப்போது?

பின்னால் வருவது தனக்கென்று எழுவாயுள்ள முழு வசனமா என்று பாருங்கள். 'வீ வென்ட் டு முள்ளியவளை, அண்ட் மை அங்கிள் வென்ட் டு புதுக்குடியிருப்பு.' இங்கே மாமா என்ற புது எழுவாய் வந்துவிட்டது. ஆகவே காற்புள்ளி வரும். 'வீ வென்ட் டு முள்ளியவளை அண்ட் போட் ரைஸ்.' போனவர்களும் அரிசி வாங்கியவர்களும் ஒரே ஆட்கள், இரண்டாவது பகுதியில் எழுவாய் இல்லை. காற்புள்ளி வேண்டாம்.

அண்ட் போன்ற எந்தச் சொல்லும் இல்லாமல் இரண்டு முழு வசனங்களை வெறும் காற்புள்ளியால் ஒட்டிவிடாதீர்கள். 'இட் ரெயின்ட், வீ ஸ்டேய்ட் ஹோம்' என்பது பிழை. தமிழில் இது உறுத்தாமல் போகலாம். ஆங்கிலத்தில் திருத்துபவர் கட்டாயம் பிடித்துவிடுவார்.

என் மகன் தரம் 8இல் படிக்கிறான். பக்கம் முழுக்க 'அண்ட்' என்றே எழுதுகிறான். எப்படித் திருத்துவது?

அம்மா, உங்கள் மகன் எழுதுவது இப்படித்தான் இருக்கும்: 'ஐ வோக் அப் அண்ட் ஐ வொஷ்ட் மை ஃபேஸ் அண்ட் ஐ ஏட் அண்ட் ஐ வென்ட் டு ஸ்கூல் அண்ட் இட் வொஸ் க்ளோஸ்ட்.' அவன் மனத்தில் ஓடுவது நல்ல தமிழ்: எழுந்து, முகம் கழுவி, சாப்பிட்டு, பாடசாலைக்குப் போனேன், பூட்டியிருந்தது. எழுந்து, கழுவி, சாப்பிட்டு என்ற வினையெச்சங்கள் தமிழில் எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம், அலுக்காது. ஆங்கிலத்தில் அதற்கு நேரான வசதி இவ்வளவு எளிதாக இல்லாததால், ஒவ்வோர் எச்சத்துக்கும் ஓர் அண்ட் போட்டுவிடுகிறான்.

அவனை அருகில் இருத்தி, ஒவ்வோர் அண்டுக்கும் கீழே பென்சிலால் கோடிடச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் கேளுங்கள்: இங்கே என்ன தொடர்பு? ஒன்றன்பின் ஒன்றா? எதிர்பாராததா? காரணமா? எழுந்தது, கழுவியது, சாப்பிட்டது மூன்றும் வெறும் வரிசை. எழுவாயை ஒருமுறை மட்டும் சொல்லி, கடைசிக்கு முன்னால் ஒரே ஓர் அண்ட் போதும்: 'ஐ வோக் அப், வொஷ்ட் மை ஃபேஸ் அண்ட் ஏட்.' போனதும் பூட்டியிருந்ததும் வரிசை அல்ல, ஏமாற்றம். அதற்கு பட். 'தென் ஐ வென்ட் டு ஸ்கூல், பட் இட் வொஸ் க்ளோஸ்ட்.' இப்போது ஒரு கதை கிடைத்துவிட்டது. முகம் கழுவியதைச் சொல்லத்தான் வேண்டுமா என்றும் அவனே யோசிக்கத் தொடங்குவான். அதுவும் எழுத்துப் பயிற்சிதான்.

பெயர்களை அடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். நெல்லும் உழுந்தும் கச்சானும் என்று தமிழ் ஒவ்வொன்றுக்கும் 'உம்' கொடுக்கும். ஆங்கிலத்தில் கடைசிக்கு முன்னால் மட்டுமே அண்ட்: 'பெடி, ப்ளெக் கிராம் அண்ட் பீநட்ஸ்.'

'ஓல்தோ' போட்டால் 'பட்' போடக்கூடாது என்கிறார்கள். ஏன்?

இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன என்பதால். முரண் இருக்கிறது என்று ஒருமுறை சொன்னால் ஆங்கிலத்துக்குப் போதும். இரண்டாவது முறை சொன்னால், ஓல்தோவின் கீழ் இருக்கும் பகுதி எதனோடு சேரவேண்டும் என்றே தெரியாமல் போய்விடும்.

நம் ஊர் உண்மை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கிளிநொச்சி வன்னியில் இருக்கிறது. ஆனால் பாராளுமன்றத் தேர்தலில் அது வன்னித் தேர்தல் மாவட்டத்தில் இல்லை. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும்தான் வன்னித் தேர்தல் மாவட்டம். கிளிநொச்சி யாழ்ப்பாணத்தோடு சேர்ந்து வாக்களிக்கிறது. இதை எழுதுங்கள் என்றால் பலர் 'ஓல்தோ கிளிநொச்சி இஸ் இன் தி வன்னி, பட் இட் வோட்ஸ் வித் ஜஃப்னா' என்று எழுதுவார்கள். 'வன்னியில் இருந்தாலும், ஆனால்' என்று தமிழிலும் சிலர் பேசுவது இதற்கு ஒரு காரணம். ஒன்றை வெட்டுங்கள். எதை வெட்டினாலும் வசனம் நிற்கும்: 'ஓல்தோ கிளிநொச்சி இஸ் இன் தி வன்னி, இட் வோட்ஸ் வித் ஜஃப்னா.' அல்லது 'கிளிநொச்சி இஸ் இன் தி வன்னி, பட் இட் வோட்ஸ் வித் ஜஃப்னா.'

இரண்டுக்கும் சிறு வேறுபாடு உண்டு. பட் இரு செய்தியையும் சம எடையில் வைக்கிறது. ஓல்தோ முதற்செய்தியைச் சற்றுத் தாழ்த்தி, வாக்களிப்பதை முக்கியமாக்குகிறது. கட்டுரையின் அடுத்த வசனம் தேர்தலைப் பற்றியது என்றால் ஓல்தோவைத் தேர்ந்தெடுப்பேன்.

பேச்சில் ஓல்தோவுக்குப் பதிலாக தோ வரும். முரணை அழுத்திச் சொல்ல ஈவன் தோ வரும். ஆனால் 'ஈவன்' மட்டும் தனியாக வசனங்களை இணைக்காது. 'ஈவன் இட் ரெயின்ட், வீ வென்ட்' என்பதை 'ஈவன் தோ இட் ரெயின்ட், வீ வென்ட்' என்று திருத்துங்கள்.

'பிகோஸ்' சொல்லிவிட்டு 'ஸோ' சொல்வதும் அதே பிழையா?

ஆம். குளத்தின் வான்கதவுகள் திறந்திருந்ததால் வீதி நீரில் மூழ்கியது என்பதற்கு 'பிகோஸ் தி கேட்ஸ் வேர் ஓபன், ஸோ தி ரோட் வொஸ் அண்டர் வோட்டர்' என்று எழுதினால் ஒன்று அதிகம். பிகோஸ் காரணத்தின் தலையில் உட்காரும். ஸோ விளைவின் தலையில் உட்காரும். ஒரு சோடிக்கு ஒன்று.

'பிகோஸ்' கொண்டு வசனத்தைத் தொடங்கவே கூடாது என்று படித்தோம். உண்மையா?

அப்படி ஒரு சட்டம் இல்லை. சிறு பிள்ளைகள் அரை வசனம் எழுதிவிடக்கூடாது என்பதற்காக வகுப்பில் சொல்லப்படும் எச்சரிக்கை அது. கேள்வி: வீதி ஏன் மூடப்பட்டது? பேச்சில் 'பிகோஸ் தி கேட்ஸ் ஒஃப் இரணைமடு வேர் ஓபன்' என்று பதில் சொல்லலாம். எழுத்தில் அதை அப்படியே முற்றுப்புள்ளியோடு விட்டால் அது பாதி வசனம். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்திருந்ததால் என்ன நடந்தது? 'பிகோஸ் தி கேட்ஸ் ஒஃப் இரணைமடு வேர் ஓபன், தி ரோட் வொஸ் க்ளோஸ்ட்.' மற்றப் பாதியும் வந்துவிட்டது. தாராளமாகத் தொடங்கலாம்.

அண்ட், பட் கொண்டு தொடங்குவதும் இலக்கணப் பிழை அன்று. நல்ல ஆங்கில எழுத்தாளர்கள் பலரும் செய்வதுதான். பரீட்சையிலும் அலுவலகக் கடிதத்திலும் மட்டும் அளவோடு செய்யுங்கள்.

'பிகோஸ்', 'பிகோஸ் ஒஃப்' எந்த இடத்தில் எது?

விடுமுறைக் கடிதங்களில் மிக அதிகமாகக் காணும் பிழை இது: 'பிகோஸ் ஒஃப் மை ஃபாதர் இஸ் சிக்.' பிகோஸுக்குப் பிறகு வினையோடு கூடிய முழுப் பகுதி வரவேண்டும்: 'பிகோஸ் மை ஃபாதர் இஸ் சிக்.' பிகோஸ் ஒஃப் வந்தால் பெயர்ச்சொல் மட்டும்: 'பிகோஸ் ஒஃப் மை ஃபாதர்ஸ் இல்னஸ்.' இஸ், வொஸ் போன்ற வினை பின்னால் தெரிந்தால் ஒஃப் போகவேண்டும்.

ஓல்தோவும் டிஸ்பைட்டும் இதே சோடிதான். 'ஓல்தோ இட் ரெயின்ட்', ஆனால் 'டிஸ்பைட் தி ரெயின்.' இன் ஸ்பைட் என்பதற்கு ஒஃப் உண்டு, டிஸ்பைட்டுக்கு இல்லை.

மழை 'பெய்தால்' என்பது எதிர்காலம்தானே? ஏன் 'இஃப் இட் வில் ரெயின்' என்று எழுதக்கூடாது?

நியாயமான கேள்வி. கமக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இது உடனே விளங்கும். குளம் நிரம்பினால் சிறுபோகம் செய்வோம். 'இஃப் தி டேங்க் ஃபில்ஸ், வீ வில் கல்டிவேட் இன் தி யல சீசன்.' எதிர்காலத்தைக் காட்டும் வில், விளைவு சொல்லும் பகுதியில் ஒருமுறை வந்துவிட்டது. நிபந்தனைப் பகுதி நிகழ்கால வடிவிலேயே நிற்கும். தமிழிலும் 'நிரம்பினால்' என்பதில் எதிர்கால இடைநிலை இல்லையே. அதையே எண்ணிக்கொள்ளுங்கள். வென், அன்டில், பிஃபோர், ஆஃப்டர், ஏஸ் சூன் ஏஸ் ஆகியவை நேரத்தைக் குறிக்கும்போதும் இதே வழக்கம்: 'வீ வில் வெயிட் அன்டில் தி டேங்க் ஃபில்ஸ்.'

இஃப், வென் இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். வற்றாப்பளைப் பொங்கல் ஒவ்வொரு வைகாசியிலும் வரும், அதில் ஐயமில்லை. அதற்கு வென். எனக்கு லீவு கிடைக்குமா என்பது ஐயம். அதற்கு இஃப்: 'இஃப் ஐ கெட் லீவ், ஐ வில் கோ டு வற்றாப்பளை.'

அன்லெஸ் என்பதற்குள்ளேயே 'இல்லாவிட்டால்' அடங்கியிருக்கிறது. 'அன்லெஸ் இட் ரெயின்ஸ், தி க்ரொப் வில் டை.' மழை பெய்யாவிட்டால் பயிர் அழியும். இதில் இன்னொரு டஸ் நொட் சேர்த்தால், மழை பெய்தால் பயிர் அழியும் என்று பொருள் மாறிவிடும்.

'சின்ஸ்' காலமா, காரணமா?

இரண்டும். கிளிநொச்சி 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 'கிளிநொச்சி ஹாஸ் பீன் அ டிஸ்ட்ரிக்ட் சின்ஸ் 1984.' தொடங்கிய ஆண்டைச் சொல்லி, இன்றும் தொடர்கிறது என்கிறோம். அதனால் ஹாஸ் பீன். 'இஸ்' போடுவது நம்மிடையே பரவலான பிழை. 'சின்ஸ் யூ ஆர் லேட், சிட் அட் தி பெக்' என்றால் காரணம்.

அன்டில் அந்த நேரம் வரை என்று நிறுத்தும். 1990இல் வடக்கே நின்றுபோன ரயில் சேவை 2013இல்தான் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது. 'பீப்பிள் டிராவல்ட் பை ரோட் அன்டில் தி ட்ரெயின் கேம் பெக் இன் 2013.' 'நீ வரும் வரை' என்பதில் 'வரை' கடைசியில் வருகிறது, அன்டில் தலையில் வருகிறது. முதலில் சொன்ன அதே வேறுபாடு.

'ஹவெவர்', 'தெயர்ஃபோர்' இவையும் இணைப்புச்சொற்களா?

கருத்தை இணைக்கும். வசனத்தை இணைக்காது. இதை உயர்தர மாணவர்கள் அவசியம் பிரித்தறியவேண்டும். 'தி ரோட் வொஸ் பேட், ஹவெவர் வீ ரீச்ட் ஒட்டுசுட்டான்' என்று நடுவே காற்புள்ளி மட்டும் போட்டு எழுதுவது பிழை. முற்றுப்புள்ளி இட்டுப் புதிய வசனம் தொடங்குங்கள்: 'தி ரோட் வொஸ் பேட். ஹவெவர், வீ ரீச்ட் ஒட்டுசுட்டான்.' அல்லது ஹவெவருக்கு முன்னால் அரைப்புள்ளி, பின்னால் காற்புள்ளி. தெயர்ஃபோர், மோர்ஓவர் எல்லாவற்றுக்கும் இப்படியே. வீட்டில் நடந்ததைச் சொல்லும் கடிதத்துக்கு இவை கனமான சொற்கள். பட், ஸோ போதும்.

'என்று' என்பதை ஆங்கிலத்தில் எப்படி இணைப்பது?

தமிழில் என்று பின்னால் வரும்: பஸ் வராது என்று அண்ணா சொன்னார். ஆங்கிலத்தில் தட் முன்னால் வரும்: 'மை ப்ரதர் செட் தட் தி பஸ் வுட் நொட் கம்.' சொன்னவர் முதலில், தட் அடுத்து, சொன்னது கடைசியில். பேச்சில் தட் பெரும்பாலும் மறைந்துவிடும், அது பிழையன்று. செட் என்று இறந்தகாலத்தில் தொடங்கியதால் வில் என்பது வுட் ஆகியிருப்பதைக் கவனியுங்கள்.

இதன் பக்கத்திலேயே ஒரு பள்ளம் இருக்கிறது. பஸ் எங்கே என்று எனக்குத் தெரியாது. பலர் 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் தி பஸ்' என்பார்கள். கேள்வி இன்னொரு வசனத்துக்குள் போய்விட்டால், அது கேள்வியின் வரிசையை விட்டுவிடும்: 'ஐ டோன்ட் நோ வேர் தி பஸ் இஸ்.' ஆம், இல்லை என்று விடை வரும் கேள்வியானால் இஃப் அல்லது வெதர் கொண்டு இணைக்கவேண்டும்: 'ப்ளீஸ் டெல் மீ இஃப் தி ஒஃபிஸ் இஸ் ஓபன்.' அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசும் எவருக்கும் இந்த வசனம் பயன்படும். வாய்க்குப் பழக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

'ஹூ', 'விச்' இவற்றாலும் இணைக்கலாமா?

இணைக்கலாம். இலக்கணத்தில் அவற்றுக்கு வேறு பெயர், ஆனால் வேலை இணைப்பதுதான். மாங்குளத்தில் ஏறிய அம்மா என் ஆசிரியை: 'தி வுமன் ஹூ கொட் ஒன் அட் மாங்குளம் இஸ் மை டீச்சர்.' 'ஹூ ஷீ கொட் ஒன்' என்று ஷீயையும் சேர்க்காதீர்கள். ஹூ வந்ததுமே ஷீயின் இடம் நிரம்பிவிட்டது.

ஐதர், நைதர் வரும்போது வினை ஒருமையா, பன்மையா?

எழுத்தில், வினைக்கு அருகிலுள்ள பெயரைப் பாருங்கள். 'நைதர் தி டீச்சர் நோர் தி ஸ்டூடன்ட்ஸ் வேர் தெயர்.' மாணவர்கள் அருகில், ஆகவே வேர். போத், அண்ட் சேர்ந்து வந்தால் எப்போதும் பன்மை. நைதரோடு இன்னொரு நொட் வேண்டாம்.

எங்கள் கிராமத்தில் ஆங்கில ரியூசன் இல்லை. தனியாகப் பழக வழி உண்டா?

உண்டு, செலவும் இல்லை. அன்று நடந்த இரண்டு உண்மைச் செய்திகளைச் சின்ன வசனங்களாக எழுதுங்கள். உதாரணத்துக்கு: நேற்றிரவு யானைகள் வயலுக்குள் வந்தன. நாங்கள் நித்திரை கொள்ளவில்லை. 'எலிஃபன்ட்ஸ் கேம் இன்டு தி ஃபீல்ட். வீ டிட் நொட் ஸ்லீப்.' இப்போது அதே இரண்டையும் வெவ்வேறு சொல்லால் இணையுங்கள். 'வீ டிட் நொட் ஸ்லீப் பிகோஸ் எலிஃபன்ட்ஸ் கேம் இன்டு தி ஃபீல்ட்.' யானை வந்தது காரணம். 'எலிஃபன்ட்ஸ் கேம் இன்டு தி ஃபீல்ட், ஸோ வீ டிட் நொட் ஸ்லீப்.' அதே உண்மை, விளைவு பின்னால். 'எலிஃபன்ட்ஸ் கேம் இன்டு தி ஃபீல்ட் ஓல்தோ வீ டிட் நொட் ஸ்லீப்.' இங்கே பொருள் மாறிவிட்டது: நாங்கள் விழித்துக் காவல் இருந்தும் யானை வந்துவிட்டது. 'எலிஃபன்ட்ஸ் கேம் இன்டு தி ஃபீல்ட் வைல் வீ வேர் ஸ்லீப்பிங்' என்றால் கதையே வேறு, அன்று எல்லோரும் தூங்கியிருந்தார்கள்.

ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் அதன் பொருளைத் தமிழில் எழுதி, நடந்தது அதுதானா என்று பாருங்கள். இதுதான் இந்தப் பயிற்சியின் உயிர். இலக்கணம் சரியாக இருந்து, நடந்ததற்கு மாறாக இருந்தால் அந்த வசனம் தவறு. பாடப்புத்தகத்து ஜோனும் மேரியும் பற்றிய வசனத்தில் இந்தச் சோதனையைச் செய்யமுடியாது, உங்கள் வயலைப் பற்றிய வசனத்தில் செய்யலாம்.

கையில் பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்று கிடைத்தால், ஒரு செய்தியில் இணைப்புச்சொற்களை எல்லாம் வட்டமிட்டு, அவற்றை மறைத்துவிட்டு மறுநாள் நிரப்பிப் பாருங்கள்.

ஒரே வசனத்தில் எத்தனை இணைப்புச்சொல் வரை போடலாம்?

இலக்கணத்தில் எல்லை இல்லை. ஆனால் தொடக்கத்தில் இரண்டு பகுதிகளோடு நிறுத்துங்கள். கை பழகியபின் மூன்று. வாசித்துப் பார்க்கும்போது மூச்சு முட்டினால் பிரித்துவிடுங்கள். ஒரு பந்தியில் நீண்ட வசனம் இரண்டுக்கு நடுவே குறுகிய ஒன்று வந்தால் வாசிக்க இதமாக இருக்கும். முக்கியமான செய்தியை அந்தக் குறுகியதில் வையுங்கள்.

நேர்முகத் தேர்வில் பேசும்போது இவ்வளவையும் யோசிக்க நேரம் இருக்காதே?

இருக்காது, யோசிக்கவும் வேண்டாம். பேசும்போது அண்ட், பட், ஸோ, பிகோஸ் நான்கும் போதும். கேள்விக்கு முதலில் நேரடிப் பதில், அடுத்து பிகோஸ், அதன்பின் காரணம்: 'ஐ வான்ட் திஸ் ஜொப் பிகோஸ் ஐ லிவ் நியர்பை அண்ட் ஐ நோ தி பீப்பிள் ஹியர்.' இந்த அமைப்பில் உங்களுக்கு உண்மையான பதில்கள் சிலவற்றை வீட்டில் உரத்துச் சொல்லிப் பழகுங்கள். ஓல்தோவும் அன்லெஸும் நேர்முகத் தேர்வுக்குப் பிறகு எழுதும் கடிதத்துக்கு இருக்கட்டும்.